கேட்டு எடுத்த படங்கள்

அந்த லயத்தைக் காலி செய்தது நீங்கள் இல்லை, ஐயா.

போன மாதம் மாத்தளையில் ஒரு மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினீர்கள். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பக்கத்துத் தோட்டத்தில் இரண்டாவது மண்சரிவு வந்தபோது ஒரு உயிர்கூடப் போகவில்லை என்றீர்கள். அது உண்மை. அன்று அதிகாரியாக இருந்த நீங்கள் முன்கூட்டியே யோசித்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களை அப்புறப்படுத்தியதால்தான் அவர்கள் பிழைத்தார்கள் என்றீர்கள். அது பொய். பொன்னாடை போட்டார்கள், வாங்கிக்கொண்டீர்கள். நான் எழுந்து கேட்கப் போனேன். பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

நான் டயர் கடை வைத்திருப்பவன். எழுத்து என் தொழில் இல்லை. நீங்கள் சொன்னது ஏன் பொய் என்று விளங்க வேண்டுமென்றால் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அவரைத் தெரியும். "அந்தக் கேமராக்காரப் பொம்பளை" என்றுதான் உங்கள் ஆபீஸில் சொல்வீர்கள். நாங்கள் ராத்தா என்போம். முஸ்லிம் ஆட்கள் மூத்த சகோதரியைக் கூப்பிடுகிற முறை அது. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. வாழ்ந்த காலத்தில் ஒருவரைக் கேட்காமல் அவர் படம் எடுத்ததில்லை. கேட்காமல் ஒருவர் படத்தை இன்னொருவருக்குக் காட்டியதும் இல்லை. இப்போது அவர் மௌத்தாகிவிட்டார். பெயரைப் போடட்டுமா என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

பெரிய உடம்பு. தலையைச் சுற்றி முக்காட்டை இறுக்கி, தாடைக்குக் கீழே ஊசி குத்தியிருப்பார். அதற்கு மேலே கேமராவின் வார் தொங்கும். புருஷன் சவூதியிலிருந்து கொண்டு வந்த கேமரா. குரல் பஸ் கண்டக்டர் குரல். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. மாத்தளையில் தனக்கு மேல் படம் எடுக்க ஆள் இல்லை என்று என் கடை வாசலில் நின்று பத்துப் பேர் கேட்கச் சொல்வார். அது கிட்டத்தட்ட உண்மைதான். முஸ்லிம் கல்யாண வீடுகளில் பெண்கள் இருக்கிற பக்கத்துக்கு ஆண்கள் கேமராவோடு போக முடியாது. ராத்தா போவார். மாத்தளையில் ஒரு காலத்து மணப்பெண்கள் அத்தனை பேரும் அவர் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்தான்.

அந்தத் தொழிலில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. படம் கழுவக் கண்டிக்குத்தான் போக வேண்டும். ரோலைக் கடையில் கொடுத்துவிட்டு வர மாட்டார். மெஷினுக்குப் பக்கத்திலேயே நிற்பார். படங்கள் வந்து விழ விழக் கவிழ்த்து அடுக்கிக்கொள்வார். கடைக்காரன் ஒரு படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதட்டுவார். பிறகு ரயில் ஏறி மாத்தளைக்கு வந்து, படத்தையும் நெகட்டிவையும் சேர்த்துப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடுவார். தன்னிடம் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு தடவை மாப்பிள்ளையின் பெரியப்பா, கடைத்தெருவில் பெரிய வியாபாரி, பெண்ணின் படம் ஒரு பிரதி வேண்டுமென்று வந்து நின்றார். ராத்தா என் கடையில் தன் தம்பியின் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். நெகட்டிவ் பெண்ணிடம் இருக்கிறது, போய் அதனிடம் கேளுங்கள் என்றார். அவர் கத்தினார். பெரிய மனுஷனைப் புது மருமகளிடம் போய் நிற்கச் சொல்கிறாயா என்றார். ராத்தா சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.

"படம் அவட. நான் அமுக்கினது மட்டுந்தான்."

எனக்கு அன்று அவரைப் பிடித்துப்போனது. பிறகு அதே குணத்துக்காக அவரோடு வாய் கிழியச் சண்டை போட்டேன்.

மலைக்கு மேலே கல்குவாரி. அதற்குக் கீழே தேயிலை. அதற்குக் கீழே லயங்கள். குவாரியில் வெடி வைத்தால் லயத்தில் அடுப்புமேல் இருக்கிற பாத்திரம் ஆடும். தோட்டத்துச் சனம் பல தடவை சொல்லிப் பார்த்தது. யாரும் கேட்கவில்லை. ஒரு மார்கழி மழையில் மேல் லயத்தின் கோடியில் மண் இறங்கியது. ஒரு காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், இருந்த புருஷனும் பெண்சாதியும் போய்விட்டார்கள். மழை அதிகம், அதனால் மண் சரிந்தது என்று மூன்று நாளில் கதையை முடித்துவிட்டார்கள். குவாரி என்ற சொல்லே எங்கும் வரவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் வடக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாத்தளை மலையில் மண் விழுந்தால் யார் வருவார்கள்?

அரசாங்கக் கச்சேரி ஆபீஸில் வேலை செய்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர்தான் முதலில் சொன்னார். கேமரா வைத்திருப்பவர்கள் வாருங்கள், நாமே போய் எடுப்போம், இல்லாவிட்டால் இதை இல்லை என்றே சொல்லிவிடுவார்கள் என்றார். அவர் வந்தார். என்னிடம் மச்சானின் கேமரா இருந்தது, நான் வந்தேன். ராத்தா தானாகவே வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. பெண்பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு நீங்கள் இரண்டு ஆம்பிளைகள் போய் என்னத்தைக் கிழிப்பீர்கள் என்று கேட்டார்.

போகிற வழியில் சோதனைச் சாவடி. மலைக்கு மேலே தொலைத்தொடர்புக் கோபுரம் இருப்பதால் கேமரா என்றாலே சந்தேகம். கிளாக்கரின் அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து முகவரி. அவரை ஒரு ஓரமாக வெயிலில் நிற்க வைத்துவிட்டார்கள். ராத்தா சிங்களத்தில் பேசினார். என்ன பேசினார் என்று பார்த்தால், அந்த ஆமிக்காரப் பையனிடம் உன்னை ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவன் அக்கம்பக்கம் பார்த்தான். தொப்பியைச் சரிசெய்தான். அம்மாவுக்கு அனுப்பலாம் என்றான். அடுத்த தடவை போகும்போது படத்தோடு நெகட்டிவையும் அவன் கையில் கொடுத்தார். பிறகு எங்கள் பையை அங்கே யாரும் கிளறவில்லை.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சேறு வாசல்வரை வந்து நின்றது. மலை ஊற்றிலிருந்து குழாயில் வருகிற பீலித்தண்ணீர் சிமெண்டு நிறத்தில் வந்தது. முதல் படத்துக்கு நான் கேமராவைத் தூக்கினேன். ராத்தா என் கையைக் கீழே இறக்கிவிட்டு, அங்கே நின்ற பாக்கியம் அக்காவிடம் கேட்டார். பாக்கியம் அக்கா கொழுந்து பறிப்பவர். நாற்பதைத் தாண்டியவர். செத்துப்போன பெண்ணுக்குச் சின்னம்மா மகள்.

"படம் எடுக்கலாமா தங்கச்சி?"

பாக்கியம் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "இருங்க, சீலை மாத்திட்டு வர்றேன்" என்று உள்ளே போனார்.

அவ்வளவுதான். லயம் முழுக்க உள்ளே போனது. தலை வாரினார்கள். பிள்ளைகளுக்குப் பவுடர் போட்டார்கள். ஒரு ஆள் கண்ணாடியைச் சன்னலில் சாத்தி வைத்துச் சவரம் செய்யத் தொடங்கினார். இரண்டு பெண்கள் வந்து வாசலில் கிடந்த சேற்றை வாருகலால் கூட்டித் தள்ளினார்கள். ஒருத்தி தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். நாங்கள் எதை எடுக்க வந்தோமோ அதைக் கழுவினாள்.

நான் கத்தினேன். கூட்டாதீங்க, அந்தச் சேறுதான் வேணும் என்றேன். கூட்டியவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஆளுக்கு என்ன கோளாறு என்பது போலப் பார்த்தாள். படம் எடுக்க ஆள் வந்திருக்கும்போது வாசலைக் குப்பையாக வைத்திருப்பார்களா? அவர்கள் வாழ்க்கையில் கேமரா வருவது கல்யாணத்துக்கும் பிள்ளைக்குப் பெயர் வைக்கவும்தான். கேமரா வந்தால் நல்ல சீலை கட்ட வேண்டும். அது அவர்களுக்குத் தெரிந்த மரியாதை.

நான் ராத்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். பட்டுச்சீலை கட்டிக்கொண்டு சிரிக்கிறவர்களைப் படமெடுத்துக் கொண்டுபோனால் இது மண்சரிவா, மஞ்சள் நீராட்டா என்று கேட்பார்கள் என்றேன். உள்ளே நின்ற பாக்கியம் அக்காவுக்குக் காது கூர்மை.

"ஏன் தம்பி, கிழிஞ்சத கட்டிக்கிட்டு அழுதாத்தான் மண்ணு விழுந்ததுன்னு நம்புவாங்களா? அப்ப அவங்களயே கிழிஞ்சத கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ராத்தாதான் அதிகம் சிரித்தார். ஒவ்வொருவரையும் அவரவர் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, அவரவர் கேட்டபடி எடுத்தார். நான் கோபத்தில் மேலே ஏறிப் போனேன். சேறு, விழுந்த தகரம், பாதி புதைந்த கட்டில் என்று ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். கிளாக்கரும் எடுத்தார். ஒழுங்கான படங்கள். உலகத்துக்குத் தேவையான படங்கள்.

அந்தப் படங்கள் எங்கே? இறங்கி வரும்போது தோட்டத்து வாச்சர்கள் என் கேமராவைப் பிடுங்கிப் பின்பக்கத்தைத் திறந்து, ரோலை வெயிலில் இழுத்து எறிந்தார்கள். கேமராவையும் வைத்துக்கொண்டார்கள். மச்சான் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கிளாக்கர் படித்த மனுஷர். சட்டப்படி செய்வோம் என்று தன் ரோல்களை உங்கள் ஆபீஸில் ஒப்படைத்தார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவை திரும்பி வரவில்லை. கிளாக்கருக்கு இடமாற்றம் வந்தது.

ராத்தாவின் கேமராவை வாச்சர்கள் திறந்து பார்த்தார்கள். உள்ளே ரோல் இல்லை. அது எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை. பெண்பிள்ளைகள் விஷயம் என்று அவரும் சொல்லவில்லை.

தைப்பொங்கலுக்கு அவர் படங்களோடு போனார். நான் பை தூக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வீட்டுக்கும் படம், கூடவே நெகட்டிவ் துண்டு. ரோலைக் கத்தரியால் வெட்டி வெட்டிப் பங்கு போட்டார். இருக்கிற ஒரே ஆதாரத்தை இப்படித் துண்டு துண்டாக லயம் முழுக்க விதைத்துவிட்டால் நாளைக்கு எங்கே தேடுவது? சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. படம் வாங்கியவர்கள் பொங்கலுக்கு இன்னொன்று எடுங்கள் என்றார்கள். எடுத்தார். சித்திரை வருஷத்துக்கும் எடுத்தார். அதே கதவு, அதே ஆள், வேறு சீலை.

இதற்கு நடுவில் ஒரு நாள் குவாரிக்குப் போனோம். அந்த நாளை நான் மன்னிக்கவில்லை. மலை விளிம்பில் வெடி வைக்கத் துளை போட்டிருந்தார்கள். துளைகளுக்கு நேர் கீழே தரை பிளந்திருந்தது. காலை விடலாம், அவ்வளவு அகலம். அந்த ஒரு படம் போதும். குவாரியை மூட அந்த ஒரு படம் போதும். அங்கே காவலுக்கு ஒரு கிழவர் நின்றார். ராத்தா போய்க் கேட்டார், எடுக்கலாமா என்று. கிழவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"என்னய எடுத்தா எனக்கு வேல போயிரும்மா."

ராத்தா மூடியை எடுத்து லென்ஸில் போட்டுவிட்டார். கிழவரை விட்டுவிடுங்கள், பிளவை மட்டும் எடுங்கள் என்று கெஞ்சினேன்.

"பொளவுக்குக் காவல் ஆரு? அவருதானே. பொளவு படத்துல வந்தா ஆருட மண்டைய உடைப்பாங்க?"

ரத்தோட்டை வரும்வரை பஸ்ஸில் சண்டை போட்டேன். ஒரு கிழவனின் வேலைக்காகக் கீழே இருக்கிற அத்தனை உயிரையும் விடுகிறீர்கள் என்றேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் புருஷன் பெண்சாதி சண்டை என்று நினைத்திருப்பார்கள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "அவருக்கிட்ட கேட்டேன். இல்லண்டாரு. கேட்டது பொய்யா இருக்கக் கூடாது தம்பி" என்றார். அடுத்த கிழமை போனபோது பிளவை மண் போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் படம் இல்லாமலே போய்விட்டது. அதில் ராத்தா செய்தது பிழை. இப்போதும் அதையே சொல்கிறேன்.

ஆனால் நான் பிரயோசனம் இல்லை என்று சொன்ன படங்கள் இருக்கிறதே, அதில் நடந்ததைக் கேளுங்கள். ராத்தா சித்திரைப் படங்களைக் கொடுக்கப் போன நாள். பாக்கியம் அக்கா எந்தச் சீலை தனக்கு எடுப்பாக இருக்கிறது என்று பார்க்க மூன்று படத்தையும் பாயில் வரிசையாக வைத்தார். பக்கத்துக் காம்பராப் பெண்கள் வந்து ஊதாதான் நல்லது, மஞ்சள்தான் நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார்.

"இங்க பாருங்க. நான் அதே எடத்துலதான் நிக்கிறேன். செவுரு ஏன் நிக்கல?"

முதல் படத்தில் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கீறல், அவர் இடுப்பளவுக்கு. பொங்கல் படத்தில் தோளுக்கு வந்திருந்தது. சித்திரைப் படத்தில் தலைக்கு மேலே போய், கதவு நிலையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தினமும் பார்க்கிற சுவர். தினமும் பார்ப்பதால் யாருக்கும் தெரியவில்லை. மற்றவர்கள் ஓடிப்போய்த் தங்கள் படங்களைக் கொண்டு வந்தார்கள். எல்லாச் சுவரிலும் அதே கதை, அதே பக்கம் சாய்வு. மார்கழி மழை முடிந்து நாலு மாதம் ஆகிவிட்டது. மழை இல்லாத காலத்தில் சுவர் ஏன் நடக்கிறது? மேலே வெடிச் சத்தம் கேட்டது. பாக்கியம் அக்கா படங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பெண்கள் மனுக் கொடுத்தார்கள். நீங்கள் விசாரணை வைத்தீர்கள். படங்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் மாதிரித் தெரியவில்லையே என்று சொன்னீர்கள். உங்கள் கிளாக்கர்மார் சிரித்தார்கள். பிறகு, படத்தை யாரும் எப்படியும் செய்யலாம், நெகட்டிவை ஒப்படைக்க வேண்டும் என்றீர்கள். ராத்தா தன்னிடம் இல்லை, அது அவர்களுடையது என்றார். உங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஒளித்து வைத்திருக்கிறாயா என்று மிரட்டினீர்கள்.

அடுத்த தவணைக்கு அவர்கள் வந்தார்கள். லயத்துப் பெண்கள், ஒவ்வொருத்தி கையிலும் அவளவள் துண்டு. உங்கள் மேசையைத் தாண்டி ஜன்னலுக்குப் போய், நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்கள். நீங்கள் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. பாக்கியம் அக்காவின் துண்டை வாங்க நீங்கள் கை நீட்டினீர்கள். அவர் ஓரத்தை விடவில்லை.

"விடம்மா, பார்க்கத்தானே கேட்கிறேன்."

"பாருங்க சேர். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. நான் புடிச்சிருக்கேன். கிளாக்கர் ஐயா குடுத்தது இன்னும் திரும்பி வரல."

ஃபைலில் சேர்க்காமல் ஆதாரமாக எடுக்க முடியாது என்றீர்கள். அவர்கள் கொடுக்கவில்லை. ஆதாரம் எதுவும் சமர்ப்பிக்கப்படவில்லை என்று முடித்துவிட்டீர்கள். வரிசையாக நின்று பிடித்துக் காட்டியதைப் பார்த்த கண்ணோடுதான் அப்படி முடித்தீர்கள். வெளியே வந்ததும் நான் ராத்தாவைப் பார்த்தேன். வாயைக் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன். அவருக்கும் முகம் விழுந்திருந்தது. பாக்கியம் அக்காதான் தெளிவாக இருந்தார். அவர் நம்பட்டும், நம்பாம போகட்டும், நமக்குத் தெரிஞ்சிருச்சுல்ல என்றார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அவர்கள் லயத்தை விட்டு இறங்கினார்கள். யாரும் சொல்லவில்லை, லாரி வரவில்லை. பாய், பானை, சாமிப்படம், கோழி எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கத்து மேட்டில் இருந்த பழைய பிள்ளைக்காம்பராவுக்குப் போனார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற கட்டடம். பல வருடம் பூட்டிக் கிடந்தது. பூட்டை உடைத்தது பாக்கியம் அக்கா. தொரைக்குக் கோபம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அவர்களுக்குப் பேர் போடாமல் திருப்பி அனுப்பினார்கள். வேலை இல்லாமல் இருந்தார்கள். நகரவில்லை.

அப்போதுதான் நீங்கள் ஜீப்பில் வந்தீர்கள். நான் அங்கே நின்றேன், ராத்தாவும் நின்றார். அத்துமீறிக் குடியிருக்கிறீர்கள், இன்றைக்கே லயத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று சொன்னீர்கள். தோட்டத்து ஆட்கள் இரண்டு பேருக்குக் கையைக் காட்டினீர்கள். அவர்கள் உள்ளே போய்ச் சாமான்களைத் தூக்கி வெளியே கொண்டுவரத் தொடங்கினார்கள். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரத்தில் ராத்தா வந்து உங்களிடம் கேட்டார்.

"சேர், ஒரு படம் எடுக்கலாமா?"

நீங்கள் யோசித்தீர்கள். பிறகு காலரைச் சரிசெய்தீர்கள். எடுங்க என்று சொல்லி, அந்தப் பெண்களுக்கு நடுவில் வந்து நின்றீர்கள். ராத்தா பெண்களைக் கேட்டார். பாக்கியம் அக்கா தோளைக் குலுக்கினார். பிறகு ராத்தா வலது பக்கம் திரும்பி, சாமான் தூக்குகிற இரண்டு பேரையும் கேட்டார். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. லென்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதில் ஒருவன் சோற்றுப்பானையைக் கீழே வைத்துத் தலைமுடியைத் தடவிவிட்டு, பானையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு சிரித்தான். ராத்தா அமுக்கினார்.

நெகட்டிவ் யாருக்கு என்று கேட்டார். ஆபீஸுக்கு அனுப்புங்கள் என்றீர்கள். பெண்கள் தங்களுக்குப் பிரதியே வேண்டாம் என்றார்கள். பாக்கியம் அக்கா, "நடுவுல அவரு மூஞ்சி. அத வீட்டுல மாட்டுனா சோறு எறங்குமா?" என்றார். அது உங்கள் காதில் விழவில்லை.

நீங்கள் ஏறிப் போன பிறகு பெண்கள் சாமான்களைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். அந்த இரண்டு பேரும் தடுக்கவில்லை. பானை தூக்கியவன் ஒரு கை பிடித்தும் விட்டான். தீபாவளிக்கு அடுத்த கிழமை மலை இறங்கியது. பட்டப்பகலில், பிள்ளைக்காம்பரா வாசலில் இருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க இறங்கியது. லயம் இருந்த இடத்தில் ஒரு சிவப்பு மேடுதான் மிஞ்சியது. அன்று பாக்கியம் அக்கா குடும்பம் உட்பட எல்லாரும் எண்ணிக்கை குறையாமல் சோறு தின்றார்கள். குவாரியை மூடினார்கள்.

ராத்தா தன் சட்டப்படி உங்கள் படத்தைக் கழுவி, நெகட்டிவோடு கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தார். நான் வாசலில் நின்று, கொடுக்காதீங்க ராத்தா, இது ஒன்றாவது நம்மிடம் இருக்கட்டும் என்று கெஞ்சினேன். அவருடைய படம் அவருக்குத்தான் என்றார். உங்களுக்கு ஒரு சட்டம், பாக்கியம் அக்காவுக்கு ஒரு சட்டம் என்று அவரிடம் கிடையாது.

போன மாதம் மேடையில் திரையைப் போட்டு அந்தப் படத்தைத்தான் பெரிதாகக் காட்டினீர்கள். நடுவில் நீங்கள், சுற்றிலும் நீங்கள் காப்பாற்றிய குடும்பங்கள். அதற்குத்தான் கை தட்டினார்கள். வலது பக்கம் வெட்டியிருந்தது. கேமராவில் வந்த படம் அவ்வளவு ஒடுங்கிய படம் இல்லை. நான் அங்கே நின்றவன்.

முழுப்படத்தின் நெகட்டிவ் உலகத்தில் ஒரே ஆளிடம்தான் இருக்கிறது. அதை வைத்திருப்பவர் நீங்கள். அதே மண்டபத்துக்கு அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். பாக்கியம் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள், ஓரத்தை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், யாரும் பறிக்க மாட்டார்கள். பானையும் சாமானுமாக நிற்கிற அந்த இரண்டு பேரும் உங்களுக்குப் பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள், யார் சொல்லிச் செய்தார்கள், அந்தப் பானையை எங்கே கொண்டுபோகச் சொன்னீர்கள் என்று, கை தட்டிய அத்தனை பேருக்கும் கேட்கும்படி மைக்கில் பதில் சொல்லுங்கள்.